ஊசியின் ஆறு டப்பாக்கள்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எனக்கு ஊசி என்று பெயர். கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன நோயாளிச் சட்டை, கட்டில் மறைப்புத் திரை எல்லாவற்றையும் தைப்பவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். என்னை நேரில் பார்த்தவர்கள் காரணம் கேட்பதில்லை.

மற்றவர்களுக்கு ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்துக் கை உரமேறிக் கிடக்கும். அதிலும் பெரிய துவைப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரம் அக்கா முறைத்தாலே பாதி அழுக்கு போய்விடும். ஆண்டுதோறும் நடக்கும் ஊழியர் விளையாட்டுப் போட்டியில் எங்கள் பிரிவின் பெண்கள் கயிறு இழுப்பார்கள். எட்டுப் பேர் அணிக்கு அக்காதான் தலைவி. மூன்று ஆண்டுகளாக நான் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தேன். கயிற்றைத் தொட்டதெல்லாம் போட்டி முடிந்து சுருட்டி வைக்கும்போதுதான்.

இந்த ஆண்டு இஸ்திரி போடுகிறவள் பிரசவ விடுப்பில் போனாள். அணியில் ஓர் இடம் காலியானது. வெட்கத்தை விட்டு அக்காவிடம் கேட்டேன்.

"அம்பத்தஞ்சு கிலோவாவது வேணும்டி. ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி எனக்கு இதுதான் கடைசி போட்டி, விளையாட்டில்ல. நாலு மாசம் இருக்கு, நல்லா சாப்பிடு," என்றாள்.

மாடியில் இருந்த பிசியோதெரபி மேடத்திடம் ஓடினேன். என்ன சாப்பிட்டால் பலம் கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் வரியில் ஒரு நாளைக்கு ஆறு வேளை என்று இருந்தது. எனக்கு அது போதும். எதையும் கடைசிவரை படிக்கும் வழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது.

ஆறு டப்பா வாங்கித் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினேன். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் அடிக்கும். ஒன்றில் அரை முட்டை, இன்னொன்றில் ஒரு பிடி வேர்க்கடலை, அடுத்ததில் பாதி வாழைப்பழம். எடை ஏறவில்லையே தவிர வாய் ஏறியது. புரதம், தசை, தாங்கும் சக்தி என்று இஸ்திரி மேசை வரை கேட்கும்படி வகுப்பு எடுத்தேன்.

பஸ் ஓட்டுநரான என் கணவர், வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டால் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று துணைக்கு உட்கார்ந்தார். நான்கு மாதத்தில் அவருடைய சீருடைக் கால்சட்டையை இரண்டு முறை பிரித்து அகலப்படுத்தித் தைத்தேன். நாற்பத்தாறில் இருந்த நான் நாற்பத்தேழரைக்கு வந்திருந்தேன்.

அக்காவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே இரண்டு சட்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். முதல் மாதம் கயிறுதான் என்னை இழுத்தது. பிறகு எப்படியோ காலை ஊன்றி நிற்கப் பழகினேன்.

போட்டி விண்ணப்பத்தில் ஆளுக்கு எடை எழுத வேண்டும். எட்டுப் பேரும் சேர்ந்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக்கூடாது. பெண்களிடம் எடை கேட்டால் உண்மையா வரும்? ஏழு பேரும் ஒன்று, இரண்டு என்று குறைத்துச் சொன்னார்கள். கூட்டிச் சொன்னவள் நான் ஒருத்திதான். ஐம்பத்தாறு என்றேன். மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது.

மைதானத்தில் எடை போட்டுப் பார்ப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மறைப்புத் திரைகள் பறக்காமலிருக்க அடி மடிப்பில் ஈயக் குண்டு வைத்திருப்பார்கள். கழித்துப் போட்ட திரைகளிலிருந்து எட்டரை கிலோ குண்டு பிரித்தெடுத்துத் துணிப் பெல்ட் ஒன்று தைத்தேன். அந்த வேலையில் மட்டும் என்னிடம் குறை சொல்ல முடியாது.

போட்டியன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றேன். ஒவ்வொருத்தியும் எடை மேடையில் ஏற ஏற, எழுதியதைவிட முள் மேலே போனது. தொப்பி போட்ட எழுத்தர் கூட்டிப் பார்த்தார்.

"ஏழு பேரே நானூத்தி அம்பத்திரண்டு. மிச்சம் நாப்பத்தெட்டுதான். அதுக்கு மேல போனா டீம் கிடையாது."

அக்கா விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேரே பார்த்தாள். "இவ அம்பத்தாறு. அவ்வளவுதான், போச்சு," என்று அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பெல்ட்டோடு ஏறினால் என் மானம் பிழைக்கும், அணி போகும். அந்த நேரத்திலும் மானத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறகு எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் கொக்கியைக் கழற்றினேன். பெல்ட் தொப்பென்று விழுந்தது.

"என்னம்மா இது?"

"திரைச்சீலைக் குண்டு சார்."

கையிலிருந்த பாதி வாழைப்பழத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டு ஏறினேன். காலையிலேயே இரண்டு டப்பா காலி செய்திருந்தேன். நான்கு மாதமாக ஏறு ஏறு என்று வேண்டிய முள்ளை ஏறாதே என்று கெஞ்சினேன். நாற்பத்தேழரையில் நின்றது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பிசியோ மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆறு வேளை சாப்பிட்டீங்களே, முன்ன எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"அதே அளவுதான் மேடம். ஆறாப் பிரிச்சேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனை வேளைங்கிறது ஒண்ணுமில்லம்மா, மொத்தம் எவ்வளவுங்கிறதுதான் கணக்கு. உங்களால ஒரேடியா நிறைய சாப்பிட முடியாதேன்னு பிரிக்கச் சொன்னேன். ரெண்டாவது வரியே அதானே?"

அக்கா எழுந்து வந்தாள். அறை விழும் என்று கண்ணை மூடினேன். "கயித்தைப் பிடி," என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது ஆளாக நின்றேன். முதலில் வந்த சமையலறை அணியை நாங்கள் இழுத்துப் போட்டோம். அடுத்து வந்த ஆம்புலன்ஸ் அணி எங்களை இழுத்துப் போட்டது, ஆனால் நாலு நிமிடம் ஆனது. உள்ளங்கை எரிந்தது. எனக்கு அழ வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

எட்டுப் பேரும் நாக்கு வறண்டு மண்ணில் கிடந்தோம். அக்கா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"தண்ணி எங்கடி?"

"யாரும் கொண்டு வரலக்கா," என்றேன். "நான் டீம்ல இருந்தேன்."