பெல்ட்டை அவிழ்த்தேன், கோல் அடித்தேன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை எனக்கு. ஞாயிறானால் எங்கள் உற்பத்தி லைன் அணிக்காகக் கால்பந்து ஆடுவேன். போன வருஷம் பந்தை ஓங்கி உதைத்தாலே கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. லைனில் கனமான பெட்டி தூக்கக் கொடுத்த இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்திலும் இறங்கினேன். வலி மட்டுப்பட்டதும், நானே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு!

அரையிறுதியில் திரும்பி உதைத்தவன், அப்படியே சுருண்டு விழுந்தேன். "இன்னா மச்சான், தூக்க கிரேன் இட்டாரட்டா?" என்று சிரித்தான் கோல்கீப்பர் தேவராஜ். கேப்டன் சிரிக்கவில்லை. "ஃபைனலுக்கு ஆறு வாரம் கீது. இடுப்பு சரியாவலன்னா உன் எடத்துல வேற ஆளுதான்" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண்மணி, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் நடுங்கிச் சரிந்தேன்.

"தசை செய்ய வேண்டிய வேலைய பெல்ட்டு செஞ்சிருக்கு சார். உங்க வயிறும் இடுப்பும் நல்லா தூங்குது" என்றார்.

ஷிப்ட் பஸ் ஏறுமுன் தினமும் அவர் சொன்ன பயிற்சிதான். இறுதிப் போட்டியில் பெல்ட் இல்லாமல் முழு நேரமும் ஆடினேன். கடைசி நிமிடத்தில் நான் திரும்பி உதைத்த பந்து கோல்! தேவராஜ் ஓடிவந்து முதுகிலேயே ஏறிவிட்டான். "டேய், எறங்குடா!" என்று கேப்டன்தான் அலறினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது பெல்ட் பெட்டி தூக்க மட்டுமே. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் நாங்கள் பதினொரு பேரும் வரிசையாக முழங்கை ஊன்றிப் பலகைபோல் கிடக்கிறோம். எதிரணி பார்த்துச் சிரிக்கும், முதல் பாதி முடியும்வரை.