ஆயுத பூஜையன்று பாதியில் நின்ற டிஸ்க்

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கடை இருந்தது. எங்கள் என்றால் நானும், கல்லூரி நாளிலிருந்து கூடவே திரிந்த என் நண்பனும். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்கள், பாட்டுகள், கணக்குவழக்குகள் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்பது தொழில். இப்போது அந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை.

நான் நிரல் எழுதுவேன். அவன் ஸ்க்ரூடிரைவர், வருகிற ஆட்கள், டீ மூன்றையும் பார்த்துக்கொள்வான். ராயப்பேட்டைக்காரன், வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகைக்குப் போகிறவன். எனக்கு வருகிற கோபத்துக்கு வேறு எவனாக இருந்தாலும் ஆறே மாதத்தில் ஓடியிருப்பான்.

டிஸ்க்குக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு, புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி. அது குழம்பிவிட்டால் கோப்பு உள்ளேயே கிடந்தாலும் கைக்கு வராது. அந்தப் பட்டியலைச் சரிசெய்ய நானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வருஷம் சாந்தோம் பக்கமிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். அவர் கணவர் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தியவர், முந்தைய வருஷம்தான் காலமாகியிருந்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க மூத்தவளுக்காக அவரே மெட்டுப் போட்ட தாலாட்டு இதுல இருக்கு தம்பி. வேற எங்கயும் இல்ல. மூணு வாரத்துல வருஷ நினைவுப் பூசை. அன்னிக்கு அவர் குரலைப் போடணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

எங்கள் தொழிலில் பால பாடம் ஒன்று உண்டு: முதலில் டிஸ்கை அப்படியே நகல் எடு, பிறகு நகலில் கை வை. அத்தனை பெரிய காலி டிஸ்க் அப்போது வேறொரு வேலையில் மாட்டியிருந்தது. இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நம்ம நிரல்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று மூலத்திலேயே ஓட்டிவிட்டேன். இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

அன்றைக்கு ஆயுத பூஜை. வேலை முடிய நாலு மணி நேரம் ஆகும் என்று திரையை மட்டும் அணைத்துவிட்டு, பொரி கடலை வாங்க மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனேன். பூசணிக்காய்க்காரரோடு பேரம், வாழைக்கன்றுக்காரரோடு சண்டை என்று நேரம் போயிற்று. திரும்பி வந்து படியேறினால், மாடியில் ஒரு மின்விசிறிச் சத்தம்கூட இல்லை.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்துத்தான் கற்பூரம் காட்ட வேண்டும். வருஷா வருஷம் நான் தாமதமாக வருவேன், அதனால் வருஷா வருஷம் அவன்தான் இதைச் செய்வான். அன்றும் ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம், குங்குமம். யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, அதன் தலையில் ஒரு சாமந்தி வைத்திருந்தான்.

"இன்னா மச்சி, பொரி வாங்க பம்பாய் போய்ட்டியா? எல்லாம் ரெடியா கீது. கற்பூரம் ஒண்ணுதான் பாக்கி."

திரை இருட்டாக இருந்ததால் ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்திருக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"எவன்டா உன்ன ஆஃப் பண்ணச் சொன்னது? எங்க பூஜையப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"உங்க பூஜையா? நம்ம கடை பூஜைன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கணினியைப் போட்டுப் பார்த்தேன். என் நிரல் ஒரு கோப்பின் பழைய விலாசத்தை முதலில் அழிக்கும், பிறகுதான் புதிய விலாசத்தை எழுதும். அந்த இரண்டுக்கும் நடுவே ஸ்விட்ச் விழுந்திருந்தது. விலாசம் இல்லாத இடங்களைக் காலி என்று எடுத்துக்கொண்டு கணினி அங்கே வேறு எதையோ எழுதியும் விட்டது. அவசரப்பட்டுத் திரும்பப் போட்டதும் நான்தான்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன்டா. தப்பு முழுக்க என்னுது."

"அதான் தெரியுமே. டீச்சர் டிஸ்க் இன்னா ஆச்சு, அத்த சொல்லு."

சொன்னேன். லுங்கியை மடித்துக் கட்டியபடி கேட்டான். "புது வூட்டு சாவி கைக்கு வராம எவனாவது பழைய வூட்ட காலி பண்ணுவானா? இதுக்கா உன்னிய காலேஜில படிக்க வெச்சாங்க?"

அவ்வளவுதான் விஷயம். நிரலைத் திருப்பி எழுதினேன். எதைத் தொடுவதற்கு முன்னும், என்ன செய்யப் போகிறேன் என்று வேறொரு டிஸ்கில் ஒரு வரி எழுதும். அந்த வரி நிஜமாகவே டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று பார்க்கும். புதிய விலாசத்தை எழுதும். பழையதைக் கடைசியில்தான் விடும். நடுவில் நின்றுபோனால், அடுத்த முறை எழுந்ததும் குறிப்பைப் படித்து, முடியாத வேலையை மறுபடி செய்யும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்தாலும் கெடுதல் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

சோதனை அவன் பொறுப்பு. பழைய டிஸ்குகளில் நிரலை ஓட விடுவேன், அவன் நினைத்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவான். எனக்குச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. டீ குடிக்கும்போது பிடுங்குவான். தொழுகைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே பிடுங்குவான். "போச்சா?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்பான். சரி, தண்டனை என்று அனுபவித்தேன். ஒரு தடவை குறிப்பு வரியே பாதி எழுதும்போது பிடுங்கிவிட்டான். நிரல் அந்தப் பாதி வரியை நம்பி எல்லாவற்றையும் நாசம் செய்தது. அப்புறம் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் அடையாளம் வைத்தேன், அது இல்லாத வரியை ஒதுக்கச் சொன்னேன். மீண்டு எழும்போதே மறுபடி பிடுங்கினான். தாங்கியது. ஒரு வாரம் அவனால் கெடுக்க முடியவில்லை என்ற பிறகுதான் டீச்சரின் டிஸ்கை, இந்தத் தடவை ஒழுங்காக நகல் எடுத்து, உள்ளே விட்டேன். வாழ்க்கையில் நான் அத்தனை சந்தோஷமாக வேலை செய்தது அந்த வாரத்தில்தான்.

ஏறக்குறைய எல்லாம் வந்தது. தாலாட்டு மட்டும் பாதி. மிச்சம் ஆயுத பூஜையன்றே போய்விட்டிருந்தது. அதற்கு எந்த நிரலும் உதவாது.

இரண்டு பேருமாக டீச்சர் வீட்டுக்குப் போனோம். வழி நெடுக என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்ததுமே அவன், "சுவிட்ச அணைச்சது நான்தான் டீச்சர்" என்றான்.

"நகல் எடுக்காம தொட்டது நான். அதுதான் தப்பு" என்றேன்.

டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்குங்க. பாட்டப் போடுங்க."

போட்டோம். கனத்த, சற்றே கரகரத்த குரல். இரண்டாவது சரணத்தில், ஒரு வரியின் நடுவே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் அந்த வரியை விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாடினார். அடுத்த வரியில் அவரும் நின்றார்.

"இங்கதான் அவர் சுருதிய விடுவார். மேல போகாதீங்க, போகாதீங்கன்னு முப்பது வருஷம் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். ஒரு நாள் கேட்டதில்ல. சரியாப் பாட கோயில்ல நெறைய பேர் இருக்காங்க தம்பி. அவர் மாதிரி தப்பாப் பாடத்தான் இனிமே ஆளில்ல" என்றார். எங்களுக்குக் காபி போட எழுந்து போனார். அடுப்படியிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று.

நினைவுப் பூசைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். கடைசி வரிசையில் நின்றோம். பூசை முடிந்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது, அதே இடத்தில் நின்றது. டீச்சர் எழுந்து மிச்சத்தைப் பாடினார். அந்த வரி வந்ததும் சட்டென்று மேலே போய்ச் சுருதியை விட்டார். பாடகர் குழுவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் வாய்விட்டே அழுதேன்.