லத்தீப் சுத்தம் செய்த தோல்துண்டு

அப்துல் லத்தீப் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தது 1962இல். படிப்பு என்றதும் கல்லூரியை நினைக்க வேண்டாம். நத்தம் ரோட்டில் அப்போது இருந்து, பிறகு மூடிவிட்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் ஒரு வருடம் கூடவே இருந்து கற்றுக்கொள்வது. முடிவில் பேதாலஜி டாக்டர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். போடாவிட்டால் வந்த வழியே திரும்பலாம்.

அவன் வந்த வழி, தோல் பதனிடும் பேகம்பூர்த் தோல் ஷாப்பு. அவனுடைய அத்தா அப்பாஸ் அங்கே மேஸ்திரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மகனை நான்கு வருடம் சவ்வு எடுக்கும் கட்டையில் நிறுத்தியிருந்தார். மரக்கட்டையின் மேல் ஆட்டுத்தோலை உள்பக்கம் மேலாகப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்கும் வேலை அது. லத்தீப்புக்கு அதில் கை நன்றாக ஓடியது. மனம் ஓடவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னபோது அப்பாஸ் ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு வருசம் போயிட்டு வா. அவுங்க தொரத்திவிட்டாங்கன்னா மறுநாள் காலைல கட்டைக்கு வந்துரணும். பெறகு ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது.”

லேப்பை நடத்தியவர் ஜெயமேரி. வயது முப்பத்தைந்து இருக்கும். குரல் அதைவிட மூத்தது. பேதாலஜி டாக்டர் மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும் ரயிலில் வருவார். மற்ற நாட்களில் லேப்பின் சட்டம் ஜெயமேரிதான். ரத்த அணுக்களை எண்ணுவதில் லத்தீப் ஆறு மாதம் திணறினான். ஒரே சொட்டை மூன்று முறை எண்ணி மூன்று பதில் சொன்னான். மூன்றையும் கூட்டி வகுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, நோயாளிக்கு இருப்பது ஒரு ரத்தம்தான் என்று ஜெயமேரி சொன்னார்.

ஆனால் திசுப் பாடம் வந்ததும் அவன் முகம் மாறியது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை வாங்கி, மெழுகு ஏற்றி, மெல்லிசாகச் சீவி, சாயம் கொடுத்துக் கண்ணாடியில் ஒட்டினால் டாக்டர் நுண்நோக்கியில் பார்த்து என்ன நோய் என்று சொல்வார். இது எல்லாமே அவனுக்குத் தெரிந்ததாக இருந்தது. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீர், இங்கே ஃபார்மலின். அழுகாமல் காப்பதுதான் இரண்டின் வேலையும். அங்கே எண்ணெய் ஊட்டுவார்கள், இங்கே மெழுகு. சாயம் இரண்டு இடத்திலும் சாயம்தான். தன் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டான். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அறிவது நல்ல வழி. எந்த இடத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அந்த வழி சொல்வதில்லை.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி நல்லுசாமியின் தோளில் இருந்த கட்டியை அடித்தோலோடும் கொஞ்சம் சதையோடும் சர்ஜன் வெட்டி அனுப்பினார். நல்லுசாமி அந்த அறுவைக்குச் சம்மதித்ததே பெரிய கதை. பழனிக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு தடவைக்குத்தான் உத்தரவு கிடைத்தது, இரண்டாவது தடவை என்றால் முருகனே கேட்டாலும் படுக்க மாட்டேன் என்று வார்டு முழுவதும் சொல்லிவைத்திருந்தார்.

துண்டு ஃபார்மலினில் ஒரு நாள் ஊறியது. புதன்கிழமை, அதை மெழுகுக்குத் தயார்செய்யச் சொல்லிவிட்டு ஜெயமேரி வார்டுக்கு ரத்தம் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது தட்டில் ஒரு தோல் இருந்தது. மேல்பக்கம் கட்டி, கீழ்ப்பக்கம் வழவழவென்று பளிங்குபோல. ஒரு துளி கொழுப்பு இல்லை. லத்தீப் கையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காக நின்றான்.

ஜெயமேரி குனிந்து பார்த்தார். துண்டைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“ஏப்பா, அடியில இருந்த சதை எங்க?”

“சவ்வுதானக்கா. அசிங்கமாத் தொங்குச்சு, எடுத்துட்டேன்.”

“சர்ஜன் என்ன, செருப்புத் தைக்கவா இதக் குடுத்தாரு?”

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். கட்டி என்ன கட்டி என்பது டாக்டருக்குப் பாதிதான். அது சதைக்குள் வேர் விட்டிருக்கிறதா என்பதுதான் மீதி. அதைச் சொல்ல வேண்டியது அந்த அசிங்கம்தான். அது இல்லாவிட்டால் நல்லுசாமியின் தோளை மறுபடியும் வெட்ட வேண்டும். அவர் வரமாட்டார். டாக்டர் நாளைக்கே லத்தீப்பை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தான் தடுக்கப் போவதும் இல்லை.

லத்தீப் வெளுத்துப்போனான். அத்தாவின் கட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். எந்தத் தொட்டியில் கொட்டினாய் என்று ஜெயமேரி அதட்டியபோது அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“சவ்வ யாராச்சும் கொட்டுவாங்களாக்கா?”

தோல் ஷாப்பில் சவ்வு குப்பை இல்லை. அதிலிருந்து வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்கள் வந்து எடுத்துப்போகும் வரை அது முதலாளியின் சொத்து. அதைக் கொட்டியவன் அன்றைக்கே வெளியே. அதனால் லத்தீப் நல்லுசாமியின் சவ்வையும் வேறொரு பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் வைத்திருந்தான். யார் வந்து வாங்குவார்கள் என்று யோசிக்கவில்லை.

ஜெயமேரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சதை துண்டு துண்டாக இல்லை. ஒரே ஏடாக இருந்தது. தோலின் மேல் வைத்துப் பார்த்தார், அளவு பொருந்தியது. சதையின் எந்த ஓரம் தோலின் எந்த ஓரத்தோடு சேரும் என்று எப்படித் தெரியும் என்று சந்தேகமாகக் கேட்டார். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பதைக் காட்டினான். எந்தத் தோலானாலும் தலைப்பக்கம் ஓர் அடையாளம் போட்ட பிறகுதான் கத்தி வைக்க வேண்டுமாம். தோலிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருந்தது.

இரண்டையும் தனித்தனி மெழுகுக் கட்டிகளாக்கிச் சீவினார்கள். நடந்ததை நீயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், என் வாயில் வராது என்று ஜெயமேரி சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். லத்தீப் கட்டையிலிருந்து தொடங்கி வஜ்ஜிரப் பசை வரை சொன்னான். சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு நுண்நோக்கியில் குனிந்தார். முதலில் தோல். பிறகு சதை. சதையை மறுபடியும். மறுபடியும் தோல். லத்தீப் சுவரோடு ஒட்டி நின்றான்.

கட்டி கெட்டதுதான், ஆனால் தோலோடு நின்றுவிட்டது, சதை சுத்தம் என்று டாக்டர் ரிப்போர்ட்டில் எழுதினார். பேனாவை மூடிய பிறகுதான் அவனைப் பார்த்தார்.

“நல்லா வழிச்சிருக்க. இனிமே நான் சொல்லாம எதையும் வழிக்காத.”

வீட்டுக்கு அனுப்பவில்லை. படிப்பு முடியும்வரை கத்தியைத் தொடக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார். மிச்சமிருந்த மூன்று மாதமும் லத்தீப்புக்கு மலப் பரிசோதனை மேஜை. வழித்தெடுக்க அங்கே எதுவும் இல்லை. கொக்கிப்புழு முட்டையைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்லும் நிலைக்கு வந்தான். அந்த மூன்று மாதத்தில்தான் நிதானமாகப் பார்க்கக் கற்றான் என்று ஜெயமேரி பின்னாளில் சொன்னார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. பார்ப்பதைத் தவிர வேறு எதையும் செய்ய அவனை விடவில்லை என்பதே சரி. டாக்டர் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தான். மோசமில்லாத டெக்னீஷியன்.

நல்லுசாமி தையல் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போனார். தன் தோள் இரண்டு பாட்டிலாகப் பிரிந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

டாக்டர் பார்த்த அந்த வியாழக்கிழமை மாலை லத்தீப் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது, அவன் அம்மா ஜெய்தூன் பீவி, ஆஸ்பத்திரியில் மகனைத் துரத்தவில்லை என்றதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். துரத்தினார்களா இல்லையா என்பதை அவர் கேட்கவே இல்லை.

“ஊறிப் போன தோலு. கிழியாமயா எடுத்த?”

“ஒரே ஏடா வந்துச்சு அத்தா.”

அப்பாஸ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார். பிறகு ஜெய்தூன் பீவியிடம், அவன் சோற்றுக்கு இன்னொரு கரண்டி வெஞ்சனம் வைக்கச் சொன்னார்.