‘வீட்டில் இருந்தார்’ என்று எழுதிய கை

1. மூன்று குவியல்

ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து என்னை மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஸ்டேஷன்களில் ஒன்று, பேர் வேண்டாம். அங்கே பன்னிரண்டு வருஷம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஸ்டேஷனில் உள்ள அத்தனை ரிஜிஸ்டரையும் எழுதி வைக்கிற போலீஸ்காரர். கதை எழுதுகிறவர் இல்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு என் மகன் வயசு.

“அண்ணாச்சி, ஸ்டேஷன் வரலாறுன்னு ஒரு சின்ன புக் போடச் சொல்லி மேலேருந்து ஆர்டர். பழைய ரெக்கார்டு எங்களுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. நீங்கதான் பிரிச்சுத் தரணும்” என்றார்.

எனக்கும் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பாதிக் கட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. மீதி எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடந்தது. மியூசியத்துக்கு ஒரு குவியல், ஜெராக்ஸுக்கு ஒரு குவியல், அழிப்பதற்கு ஒரு குவியல் என்று ஆரம்பித்தேன். மதியத்துக்குள் எது எந்தக் குவியல் என்று எனக்கே மறந்துவிட்டது. ஒரு பக்கத்தைப் பார்த்து, “எவம்லே இப்படிக் கோழிக் கிறுக்கலா எழுதுனவன்?” என்று ஏசினேன். கீழே என் கையெழுத்து இருந்தது.

2. ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பிய தாள்

திரும்பத் திரும்பத் திருட்டுக் கேஸில் மாட்டுகிறவர்கள் பேரில் ஹிஸ்டரி ஷீட் திறப்போம். மாதம் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே போய், ஆள் இருக்கிறாரா என்று பார்த்து அதில் எழுத வேண்டும். ஆள் பற்றாக்குறையால், ரைட்டர் வேலையோடு மேலநீலிதநல்லூர் பக்கத்து ஊர்கள் நான்கும் என் தலையில் இருந்தன.

அந்த ஷீட்டுகளை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தோம். மூன்றாம் நாள் கடைக்காரப் பெண் செல்வியே வந்துவிட்டாள். கையில் ஒரே ஒரு ஷீட்.

“அண்ணாச்சி, இது எங்கய்யா. ஊரு, தாத்தா பேரு எல்லாம் சரியா இருக்கு. இதை எழுதுனது யாரு?”

வாங்கிப் பார்த்தேன். மாடசாமி. பம்புசெட் மோட்டார் திருட்டு, மூன்று கேஸ். கீழே மாதாமாதம் ஒரே வரி: ‘தணிக்கை செய்யப்பட்டது. வீட்டில் இருந்தார்.’

“நாந்தாம்மா.”

“நான் மூணாங்கிளாஸ் படிக்கையில எங்கய்யா வீட்டை விட்டுப் போயிட்டாவன்னு அம்மை சொல்லுதா. நீங்க நான் பத்தாங்கிளாஸ் முடிக்க வரைக்கும் வீட்ல இருந்தாவன்னு எழுதியிருக்கிய. நான் ஒரு நாளும் பாக்கலையே! நான் பள்ளிக்கூடம் போன பெறவு வந்துட்டுப் போனாவளா?”

ஷீட்டில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

“நேத்து அம்மைட்ட கேட்டேன். அழுதா. இத்தனை வருசம் எங்கிட்ட மறைச்சிட்டியேன்னு ஏசிட்டேன். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. நீங்க எங்கய்யாவைப் பாத்தியளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

பார்த்தேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு ஓட்டு வீடு ஞாபகம் வந்தது. முற்றத்தில் மிளகாய் வத்தல் காய்ந்தது. ஆனால் அது மாடசாமி வீடா, வேறு கேடி வீடா? அந்தப் பக்கம் எல்லா முற்றத்திலும்தான் வத்தல் காயும்.

“நாளைக்குச் சொல்லுதேன் தாயி” என்று அனுப்பினேன். பயமாக இருந்தது.

3. நான் எழுதியதற்கு நானே சாட்சி

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மாதக் கடைசியில் எஸ்.ஐ. ஷீட்டுகளைக் கேட்பார். ஒரு மாதம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால் போக முடியாத மாதத்தில், போன மாதத்து வரியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவோம். எஸ்.ஐ. ‘பார்த்தேன்’ என்று சுருக்கொப்பம் போடுவார். நான் பார்க்காததை அவர் பார்த்துவிடுவார்.

எந்த மாதம் போனேன், எந்த மாதம் போகவில்லை? ஜி.டி.யை எடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து யார் எப்போது போனார், வந்தார் என்று எழுதும் ஜெனரல் டைரி அது. ஒரு ஆடி மாதம் மாடசாமியை வீட்டில் பார்த்ததாக ஷீட் சொன்ன நாளில், நான் ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தேன் என்றது ஜி.டி. இன்னொரு மாதம் டைபாய்டு வந்து மெடிக்கல் லீவ். பாயில் கிடந்தவன் எந்த வீட்டை எட்டிப் பார்த்தேன்? இரண்டு மூன்று நாட்களில் மட்டும் அந்த ஊருக்குப் போனதாக ஜி.டி.யில் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்த ஜி.டி.யை எழுதியதும் நான்தான். எதை வைத்து எதை நம்புவது?

இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க அண்ணாச்சி, மக்கிப்போன தாளு. அழிக்கிற குவியல்ல போட்டா முடிஞ்சுது” என்றார். என் கை அந்தப் பக்கம் போகவும் செய்தது. பொய் சொல்வானேன்? ஆனால் அந்த வருஷங்களில் மாடசாமியைப் பார்த்ததாக ஒரு ஞாபகமும் வரவில்லை; தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4. வாசல்

மறுநாள் காலை செல்வியோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பேச்சியம்மாள் மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை.

உட்காராமலே சொன்னேன். “தாயி, உங்கம்மை உங்கிட்ட எதையும் மறைக்கல. நாந்தான் வந்து பாக்காமலே எழுதிட்டேன்.”

செல்வி போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பேச்சியம்மாள்தான் பேசினார். “முன்னால மாசத்துக்கு ஒருக்கா போலீசு வரும். தெருவே பாக்கும், எனக்கு வெக்கமா இருக்கும். எங்க வீட்டுக்காரரு போன பெறவு, நீங்க எப்ப வருவியன்னு நான் வாசல்லயே கெடந்தேன். கேடி பொண்டாட்டி, ஸ்டேஷன் படியேறப் பயம். இங்கன ஒருத்தர் வந்திருந்தா, ஆளைக் காங்கலய்யா, தேடிக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒருத்தரும் வரல.”

அன்று மாலையே ‘ஆள் காணவில்லை’ என்று கேஸ் பதிவு செய்ய வைத்தேன். கடைசியாகப் பார்த்த தேதி என்ற கட்டம் வந்தது. பேச்சியம்மாளுக்குத் தேதி தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடசாமி போன பிறகு மட்டும் ஸ்டேஷனில் அவரைப் பற்றி எண்பத்துநாலு வரி இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு வரிகூட உதவவில்லை.

இப்போது ரைட்டராக இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். போகாத மாதத்தைக் காலியாக விடுங்கள். மெமோ வரும், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கு ஒரு மெமோ வந்திருந்தால், மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடியிருப்பேன். வாசலில் அந்த அம்மா நின்றிருப்பார்.