ஏலத்துக்குப் போன எலித்தீனி

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அது எலித்தீனி. எலிகளுக்கென்று செய்ததை எலிகளைவிட எங்கள் வேதக்கோவில் சபையார் அதிகம் தின்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பா வாத்தியார். அவர் அதட்டியோ அடித்தோ யாரும் பார்த்ததில்லை. வகுப்பு வாசலில் நின்று தொண்டையைச் செருமி ஓர் இருமல் இருமுவார். அவ்வளவுதான், பெஞ்சு பெஞ்சாகப் பையன்கள் எழுந்து நிற்பார்கள். எனக்கு அது எலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த இருமலைக் கேட்டு, பிசைந்த கையோடு எழுந்து நின்றவன் நான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த சின்ன மாமா, அம்மாவின் தம்பி, கார் நெல் அறுப்புக்குக் கொஞ்சம் முந்தி வீட்டுக்கு வந்தார். தோளில் கொழும்புத் தேயிலைப் பெட்டி ஒன்று. அதன் முன்பக்கப் பலகையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்திருந்தது. உள்ளே வைக்கோலுக்குள் பஞ்சு உருட்டிவைத்த மாதிரி இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள்! கண் குன்றிமணிச் சிவப்பு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழி அடையை விட்டு எழுந்துவிட்டது.

"பிடிச்ச தீனியா குடுத்தா ரெண்டு காலுல நின்னு கை நீட்டி வாங்கும்லே. கொழும்புல என் கண்ணால பாத்தேன்" என்றார் மாமா.

அம்மா இரண்டு எட்டுப் பின்வாங்கினாள். "ஊரு ஊரா எலி செத்து விழுந்து கொள்ளநோய் வருதுங்கான். நீ என்னடான்னா எலியச் செமந்துக்கிட்டு வாரியே, ஒனக்கு மூள இருக்கா?"

"இது கப்பல்ல வந்த எலி, அக்கா. நம்மள விடச் சுத்தம்."

அப்பா பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும். ஆனா வீட்டுத் தானியத்துல ஒரு மணி எலிக்குப் போச்சுன்னு தெரிஞ்சுது, மறுநாளே ரெண்டும் ஆத்தங்கரைக்குப் போயிரும்." ஆற்றங்கரை மருதமரத்தில் பருந்துகள் குடியிருந்தன. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றே நானும் அக்காவும் வேலையில் இறங்கினோம். எலிகளை நிற்கவைக்கிற தீனியைச் செய்வது என்று சபதம். முதலில் களத்தில் சிந்திய நொய்யும் தேங்காய்ப் பூவும். மறுநாள் அது புளித்து நாறியதில் எலிகள் வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன. அடுத்து காட்டில் பொறுக்கிய கம்பும் தினையும் காய்ந்த பனங்கிழங்குச் சீவலும். சுமாராக மதித்தன. அதற்கு அடுத்து, சந்தையில் உடன்குடிக் கருப்பட்டி விற்கும் அண்ணாச்சியின் ஓலைப்பெட்டி அடியில் உதிர்ந்து கிடந்த தூளைக் கெஞ்சி வாங்கிவந்து கலந்தோம். எலிகள் கருப்பட்டியை மட்டும் நக்கிவிட்டு, கம்பைக் காலால் தள்ளின. எனக்குத் தம்பிகளாகப் பிறந்திருக்க வேண்டியவை என்று அம்மா சொன்னாள். நானும் வெல்லத்தைத் தின்றுவிட்டுக் கொழுக்கட்டை மாவை வைத்துவிடுகிறவன்தான்.

அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. கருப்பட்டியைத் துளித் தண்ணீரில் கரைத்து, வறுத்த தானியத்தில் தெளித்து, கையால் பிசிறி, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தால் ஒவ்வொரு மணியிலும் இனிப்பு ஒட்டிக்கொள்ளும். இனிப்பை மட்டும் தனியாகப் பொறுக்க முடியாது! கூடவே எள்ளும் பூசணி விதையும். எல்லாம் சேர்ந்தும் ஏதோ ஒன்று குறைந்தது. அந்த ஒன்று அம்மாவின் அடுக்குப்பானையில் இருந்த காணம், கொள்ளு என்பார்களே அது. அதை வறுத்து உடைத்துச் சேர்த்தபோது எழுந்த மணம் இருக்கிறதே! எலி தின்பதற்கு முன் நான் மூன்று வாய் தின்றுவிட்டேன். ருசி பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

எலிகள் மொறுமொறுவென்று தின்றன. ஆனால் நிற்கவில்லை. நாங்கள் கையை ஆட்டினோம், பாடினோம், நானே பெட்டி முன்னால் எழுந்து கை நீட்டி நின்று காட்டினேன். அவை என்னைப் பார்த்துக்கொண்டே தின்றன.

தீனியைப் பிடியரிசிக் கலயம் மாதிரியே ஒரு கலயத்தில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, அடையாளத்துக்கு அக்கா இரட்டை முடிச்சுப் போட, அதன் பக்கத்திலேயே ஒளித்துவைத்தோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று எடுத்துப் போடுகிற கலயம் அது. நிறைந்து வாய் கட்டிவிட்டால் பண்டிகை வரை வீட்டில் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் கலயம் மட்டும் அநியாயத்துக்கு இறங்கியது. நான் அக்காவைத் திருடி என்றேன், அவள் என்னைத் தீனிப்பண்டாரம் என்றாள். இரண்டுமே உண்மை என்பதால் விசாரணை மேலே போகவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலைக் கோவிலில் படைத்து, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். "ஏலே, பிடியரிசிக் கலயத்த எடுத்துக்கிட்டு வா, மணி அடிச்சாச்சு" என்று அம்மா கத்தினாள். எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாக நடந்து, பீடத்துக்கு முன்னால் என் கையாலேயே வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், துணியில் அக்கா போட்ட இரட்டை முடிச்சு.

அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல் என் காதில் ஏறவில்லை. துணி அவிழும், உள்ளே காணம் தெரியும், எலிகள் பருந்துக்கு. இது மட்டுமே ஓடியது. அக்காவோ பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மரத்தடியில் பூசணிக்காய் போயிற்று, சேவல் போயிற்று. ஏலம் விட்ட கோவில் உபதேசியார் எங்கள் கலயத்தைத் தூக்கினார். அரிசிதானே என்று துணியை அவிழ்த்தவர் மூக்கைச் சுருக்கினார்; பிறகு விரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். அவர் கண் அகன்றது.

"அடேயப்பா! இது அரிசி இல்லவே, பலகாரம்! வாத்தியார் வீட்டம்மா கைப்பக்குவம்!"

அம்மா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"இங்கன ஒரு பிடி தாரும், பாப்போம்" என்று கருப்பட்டி அண்ணாச்சி கை நீட்டினார். மென்றார். "அட, நம்ம சரக்குல்லா இதுல கெடக்கு! கலயத்த நான் எடுத்துக்கிடுதேன்" என்று ஒரு விலை சொன்னார். அதற்குள் ஆளுக்கொரு சிட்டிகை கை மாறியது. பல்லில்லாத பாட்டையா ஒருவர் எள்ளை மட்டும் சப்பிக்கொண்டு "தோத்திரம், தோத்திரம்" என்றார். விலை ஏறியது. என் எலித்தீனிக்கு ஊரே அடித்துக்கொள்கிறது! பயத்தின் நடுவிலும் எனக்கு நெஞ்சு விம்மியது. இன்னொரு பக்கம், கலயம் காலியாகிக்கொண்டிருந்தது.

அப்போது அந்த இருமல் கேட்டது. கூட்டத்தில் அப்பாவிடம் படித்தவர்கள் எல்லாரும் தம்மையறியாமல் நிமிர்ந்தார்கள். அப்பா கையைத் தூக்கி, சேவலுக்கே யாரும் சொல்லாத விலை ஒன்றைச் சொன்னார்.

"வீட்டுல செஞ்சத வீட்டுக்காரரே ஏலம் எடுக்காரு! மயினி குடுத்துவச்சவதான்" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாத்தியாரய்யா ஆசப்பட்டுக் கேக்காரு. விட்டுக்குடுத்துருவோம்" என்று அண்ணாச்சி பின்வாங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா கலயத்தைத் தாமே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கும் பலகாரம் பிடித்துப்போய்விட்டது, மொத்தத்தையும் தின்றுவிடப்போகிறார், தின்று முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார் என்று நான் கணக்குப் போட்டேன்.

"காணம் எங்க உள்ளது?" என்று வாசலிலேயே அம்மா ஆரம்பித்தாள். "நீங்க சொன்னது சொன்னதுதானே? பெட்டிய எடுக்கட்டா?"

"பண்டிகையும் அதுவுமா எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அப்பா பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "காணத்தப் பைய வறுக்கணும்லே. முந்தின தடவ கருகாம இருந்துது" என்றார்.

ஏலத்தில் ஒரு சிட்டிகைகூட வாயில் போடாத மனிதர், பார்த்த மாத்திரத்தில் இவ்வளவு சொல்கிறாரே, வாத்தியார் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் தொண்டையைச் செருமி, ஓர் இருமல் இருமினார்.

வைக்கோல் சரசரத்தது. இரண்டு எலிகளும் ஓடிவந்து, வலையோரம் இரண்டு காலில் எழுந்து நின்று கை நீட்டின. அக்கா என் தோளைக் கிள்ளினாள். எனக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. அந்த இருமலுக்கு எங்கள் வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும். எலிகள் மட்டும் உட்கார்ந்திருக்குமா?