எங்கள் வீட்டு நாக்குகள்

எங்கள் வீட்டில் கத்தியைக் கத்தி என்று சொல்ல மாட்டோம். நாக்கு என்போம். அது என் வீட்டுக்காரர் கொண்டுவந்த வழக்கம். வேட்டைக்குப் புறப்படும்போது கத்தி என்று வாயால் சொன்னால் கௌதாரிக்குக் கேட்டுவிடும், அப்புறம் கண்ணியில் விழாது என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் வைத்துக்கொண்ட பேச்சு. முதலில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருந்தது. போகப்போக வெங்காயம் நறுக்கும்போதும் அதுவே வாயில் வந்துவிட்டது. இப்போது வாய்க்குள் இருக்கும் நாக்கைச் சொல்ல வேண்டுமென்றால்தான் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு வேலை பெருச்சாளி பிடிப்பது. ராயபுரம் பக்கம் பருப்பும் மிளகாயும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் கிடங்குகளில், தெற்கத்தி வியாபாரிகள் கூப்பிட்டனுப்புவார்கள். மூங்கிலில் அவரே செய்த எலிப்பொறிகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். ஞாயிறானால் கூட்டாளிகளோடு வள்ளூர்ப் பக்கம் முள்ளுக்காட்டுக்கு. கௌதாரிக்குக் கண்ணி, முயலுக்கு வலை, ஒன்றும் விழாத நாளில் எண்ணூர் ஆற்றில் நண்டு. பிறகு காட்டிலாகாக்காரர்கள் துரத்தியதில் கௌதாரி நின்றது, முயல் நின்றது. ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழுந்து நண்டும் குறைந்தது. கத்தி வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

கத்தி இல்லாமல் கண்ணி வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முளைக்குச்சி சீவ ஒன்று, கண்ணி நரம்பு அறுக்க ஒன்று, முள் வெட்ட ஒன்று, தோல் உரிக்க ஒன்று. நாலு போதும். அவரிடம் இருந்தது நாலா? மாதவரத்தில் லாரிப் பட்டையை உலையில் போட்டு அடித்து வாங்கியது இருந்தது. உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்துப் பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றியது இருந்தது. எந்தக் கப்பல்காரனோ விற்றுவிட்டுப் போய், துறைமுகத்துக்கு வெளியே பிளாட்பாரக் கடையில் கிடந்த மடக்குக் கத்தி இருந்தது. மான்கொம்புப் பிடி போட்டது என்று ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். மான்கொம்பு என்று இன்றைக்கும் நம்புகிறார். அடுப்போரம் வைத்த அன்று பிளாஸ்டிக் உருகின வாடை எனக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தில் ஒரு சாக்கை விரித்துப்போட்டு அவரும் கூட்டாளிகளுமாக நாலு பேர் உட்காருவார்கள். மற்ற ஆம்பிளைகள் சீட்டுப் போடுவதைப்போல இவர்கள் கத்தியை எடுத்துப் போடுவார்கள். முன்னங்கை முடியில் இழுத்துப் பார்ப்பது, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள். அப்படிக் கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் என்று தரையில் வைப்பார்கள், மற்றவன் எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு மட்டும் கைக்குக் கை போகும்.

“இன்னா மாமு, உன் நாக்குல எச்சிலுதான் கீது, கூரு எங்க?” என்பான் ஒருத்தன்.

“கூரு வேணும்னா உன் பொண்டாட்டி நாக்க இரவல் வாங்கினு வா” என்பார் இவர்.

ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் தீட்டத் தெரியாது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிப் பிள்ளையை வளர்த்தவள் நான். என் கல்லில் ஏறி இறங்கின இரும்புதான் அவர்கள் இடுப்பில் தொங்கியது. உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துரு பூத்துவிடும். தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து, டின்னில் அடுக்கி, பரண்மேல் ஏற்றி, மறுபடி இறக்கி, அதுவும் நான்தான். ஆசை அவருக்கு, கைவலி எனக்கு.

மருமகள் வந்த மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசுகிற பெண். அடுப்பங்கரையில் நின்று அவள் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மி மேல் கத்தி கிடந்தது. “ஏம்மா, நாக்க எடுத்து உள்ள வையி” என்றேன். அவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் பார்த்தால் அவளுடைய அம்மா ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். வந்த மறுநாளே என் பெண்ணை நாக்கை உள்ளே வை என்று சொன்னாயாமே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். நான் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தேன். “தோ, இதான் நாக்கு” என்றேன். அதைப் பார்த்து அந்த அம்மாள் இரண்டடி தள்ளிப்போய் நின்றதும், மருமகள் அழுதுகொண்டே சிரித்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிரித்தாளே ஒழிய, அந்தக் கத்திகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்த பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் மடக்குக் கத்தியை அந்தக் குழந்தை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு தெருவில் யாரோ யாரையோ வெட்டினார்கள் என்று போலீஸ் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தது. டின்னைத் திறந்து பார்த்த போலீஸ்காரர் இத்தனை எதற்கு என்று கேட்க, இவர் பெருச்சாளிக்கு என்றார். அவர்கள் சிரித்துவிட்டு, ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் என் மகனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. போலீஸ் நல்ல பெயர் கொடுத்தால்தான் உள்ளே போகிற பாஸ் கிடைக்கும். அவன் சோறு இறங்காமல் எழுந்துவிட்டான். அத்தனையையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றான். இவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனுக்கு புத்தி தப்பட்டும், அப்பால எடுத்துகினு போ. புத்தி கீற வரைக்கும் ஒருத்தனும் தொடக் கூடாது” என்றார்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. டின் பரண்மேல் இருந்தது.

பிறகு ஒரு காலை குழாயடியில் விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மாடி ஏறி இறங்கியே என் முட்டி கழன்றது. கஞ்சி வாங்க ஒரு மாடி, மாத்திரைக்கு ஒரு மாடி, தலையைப் படம் பிடிக்க ஒரு கட்டடம். யாரிடமும் ஒரு உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள், அங்கே பார்க்கிறவர்களையெல்லாம் வழி கேட்டேன்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். கட்டில் பக்கத்தில் குனிந்து, “ஐயா, நாக்கை நீட்டுங்க” என்றார்.

இவருடைய இடது கை மெல்ல நகர்ந்து இடுப்பைத் தடவியது. டாக்டரம்மா மறுபடி சொன்னார். மறுபடி இடுப்புதான். இந்தப் பக்கம் தடவி, அந்தப் பக்கம் தடவி, கடைசியில் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கிற பார்வை. அவசரமாக வருகிறதாக்கும் என்று நான் கட்டிலுக்கடியில் இருந்த பாத்திரத்தை இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு போனது மட்டுமில்லை, நாம் சொல்வதும் அவருக்குப் புரிகிற மாதிரித் தெரியவில்லை, நாளைக்கும் பார்க்கலாம் என்று டாக்டரம்மா மகனிடம் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார்.

மகன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். அழுகிறான் என்று தெரிந்தது.

“மா, அந்த டின்ன எடுத்துடறேன். புத்தி தப்புனா எடுத்துக்கோன்னு நைனாவேதான் சொன்னாரு. இனிமே அவருக்கு இன்னா தெரியப் போவுது?”

 வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அவர் சொன்ன வார்த்தையைத்தான் அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உன் இஷ்டம் என்றேன். அன்றைக்கு வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா திரும்ப வந்தார். நானும் மருமகளும் மட்டும் இருந்தோம். அவள் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டுங்க என்று டாக்டரம்மா சொல்ல, இடது கை இடுப்புக்குப் போயிற்று. மருமகள் ஊற்றுவதை நிறுத்தினாள்.

“அத்த, மாமா நாக்கத் தேடறாரு” என்றாள்.

எனக்கு இருந்த அலுப்பில் அவள்மேல் எரிந்து விழுந்தேன். “வாயிலதான கீது, அத்த இன்னாத்துக்குத் தேடணும்?”

“அந்த நாக்கு இல்ல அத்த. நம்ம வூட்டு நாக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருஷமாக அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். எனக்குப் புரியவில்லை, பெற்ற பிள்ளைக்குப் புரியவில்லை. அந்த வார்த்தைக்கு ஒருநாள் முழுக்க வாயை மூடிக்கிடந்தவளுக்குத்தான் புரிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

அவளே டாக்டரம்மாவுக்கு விளக்கினாள். எங்கள் வீட்டில் நாக்கு என்றால் கத்தி, நீட்டுங்கள் என்றதும் கத்தியை எடுத்து நீட்டச் சொல்கிறீர்கள் என்று இடுப்பில் தேடுகிறார் என்றாள். டாக்டரம்மா கட்டிலைவிட்டு ஓரடி பின்னால் போனார்.

“இப்ப இடுப்புல ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். பிறகு அவரே சிரித்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். மூடினார். இடது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். வாயைத் திறக்கச் சொன்னார். கோணின வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்தார். டாக்டரம்மா மறந்துபோய் மூடச் சொல்லவில்லை, இவர் அப்படியே வைத்திருந்தார். நான்தான் மூடச் சொன்னேன்.

மருமகள் வெளியே போய் என் மகனுக்குப் போன் போட்டாள். எடைக்குப் போட்டுவிட்டாயா என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அவன் டின்னில் இருந்ததைச் சாக்கில் கொட்டிக் கட்டிய மூட்டையோடு இரும்புக் கடை வாசலில் நிற்கிறானாம், கடை இன்னும் திறக்கவில்லையாம்.

“போடாத. வூட்டுக்கு எடுத்துகினு போ. மாமாவுக்குப் புரியுது” என்றாள்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கத்திகள் போக வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறையாக இருந்தவள் அவள்தான்.  கஞ்சி ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்து, பாய் விரித்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். மகன் அந்தச் சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து அவருக்கு எதிரே வைத்து, வாயை அவிழ்த்தான்.  இவர் இடது கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எடுப்பது, திருப்பிப் பார்ப்பது, தரையில் வைப்பது. மூச்சு வாங்கியது. அவசரப்படுத்த ஒருவருக்கும் மனசு வரவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தரையில் இருந்த இரும்பு கிணுகிணுத்தது.

லாரிப் பட்டைக் கத்தியைத் தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தார். பிறகு புறங்கையால் மகன் பக்கம் தள்ளினார். மடக்குக் கத்தியையும் தள்ளினார். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மகன் எடுக்காமல் நின்றான். இவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டான்.

சின்னதாக ஒன்றை மருமகள் காலருகே தள்ளினார். அவள் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள் குழந்தையைப் பார்த்துவிட்டு, எட்டாத அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது இரண்டு. டியூப் சுற்றின ரம்பத் தகடும், அந்த மான்கொம்பும். மடியில் வைத்து, ஒன்றை இடது கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தார். கூர் போதாது என்று தலையை ஆட்டினார். அடுத்ததை இழுத்துப் பார்த்தார். அதற்கும் ஆட்டினார். இரண்டையும் என் முன்னால் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னும் உன்கூட மாரடிக்கணும்” என்று சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்து எழுந்து, கல்லைத் தேடப் போனேன்.