கண்மாய்க்குள் ஒரு ஸ்டேடியம்

எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்கு நான் நடுவர் ஆனதற்கு ஒரே காரணம், ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் விசில் இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஆட்டத்தின் விதிகள் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரொம்ப நாள் அதுவே போதுமானதாக இருந்தது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று நான் கற்றுக்கொள்வதற்குள் பல ஆட்டங்களும் சில கைகலப்புகளும் முடிந்திருந்தன.

அப்போது எங்களுக்கு மைதானம் கிடையாது. மெயின் ரோட்டோரம் யாரோ பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்த பொட்டலில் ஆடினோம். வரிசை வரிசையாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருப்பார்கள். பந்தை விட அந்தக் கல்லைப் பார்த்து ஓடுவதே பெரிய வித்தை. ஒரு நாள் வீட்டுமனை பார்க்க வந்த குடும்பம் ஒன்று, கால் நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்த எங்கள் கோல்கீப்பரைப் பார்த்துவிட்டு காரை விட்டு இறங்காமலே போய்விட்டது. மறுநாள் புரோக்கர் வந்து எங்களை விரட்டிவிட்டார்.

கண்மாய்க்குப் போகலாம் என்றது கேப்டன். அவன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மனசுக்குள் ஒரு யோசனை வந்துவிட்டால் அதை இறக்கி வைக்கும்வரை சோறு இறங்காத ஆள். கண்மாய் நிறைந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்க சீமைக்கருவேல் மண்டி, ஆடுகூட நுழைய யோசிக்கும். கண்மாயில் மைதானமா என்று எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட ஒருவர் பஞ்சாயத்தில் ஏலம் எடுத்து வந்திருந்தார். கேப்டன் அவரிடம் போய், ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவிலிருந்து வெட்ட ஆரம்பியுங்கள் என்று கேட்டான். அவருக்கு எங்கிருந்து வெட்டினாலும் கரி கரிதான். அதற்குப் பதிலாக மூட்டைகளைக் கிளப் ஆட்களே லாரியில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. அப்படித்தான் காட்டுக்கு நடுவில் சதுரமாக ஒரு மொட்டைத்தலை விழுந்தது. மரத்தை அவர் வெட்டினார். வேரைப் பிடுங்கியது நாங்கள். கருவேல் வேரைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், அது பூமிக்கு அந்தப் பக்கம் யாரையோ பிடித்துக்கொண்டு இழுக்கும்.

ஒரு மூலையில் கரிமூட்டம் புகைந்துகொண்டே இருந்தது. கார்னர் கிக் அடிக்கப் போகிறவன் இருமிக்கொண்டே அடிப்பான். வெளியூர் அணிகள் இதை எங்கள் தந்திரம் என்று நினைத்தன. மைதானத்துக்குக் கோடு போட்டதும் அந்த மூட்டத்துச் சாம்பலில்தான். கரிசல் தரையில் சாம்பல் கோடு பளிச்சென்று தெரியும். காற்று அடித்தால் கோடு நகர்ந்துவிடும். முதல் பாதியில் வெளியே போன பந்து அதே இடத்தில் இரண்டாம் பாதியில் உள்ளே இருக்கும். வெடிப்புகளில் சாம்பலும் மணலும் போட்டு அடைத்தோம். அடைபடாத வெடிப்புகளை எங்கள் ஆட்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

கோல் கம்பம் முதலில் இரண்டு கருவேல் கட்டைதான். மேலே குறுக்கே கயிறு. பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று ஒவ்வொரு தடவையும் பஞ்சாயத்து. இதற்கு முடிவு கட்டியவர் எங்கள் தலைவர். வீரசோழனில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் அவர். கிளப்புக்குத் தலைவர் வேண்டும் என்று அலைந்தபோது பஸ்ஸில் என்னிடம் மாட்டினார். வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அங்கே ஒரு பெரிய கால்பந்து ஸ்டேடியத்தில் நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்களாம். ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் ஸ்டேடியத்தை உள்ளே போய்ப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். அதற்கு மேல் ஒரு தலைவருக்கு என்ன தகுதி வேண்டும்?

முதல் தடவை வந்து பார்த்தபோது கேலரி எங்கே என்று கேட்டார். கேப்டன் கண்மாய்க் கரையைக் காட்டினான். பாய் கரையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறதே, கரையை அந்தப் பக்கம் மாற்ற முடியாதா என்றார். கேப்டன் கொஞ்ச நேரம் அதையும் யோசித்தான்.

பாய் தன் கடையிலிருந்து இரும்புக் குழாய் கொண்டுவந்து இரண்டு கோலையும் நட்டார். அவர் கைப்பட போல்ட் முடுக்கினார். தூத்துக்குடி போய்வரும் லாரிக்காரர் ஒருவர் மூலம் பழைய மீன்வலை வந்தது. அதன் வாடைக்கு ஊர் நாய்கள் எல்லாம் கோலுக்குப் பின்னால் வந்து படுத்தன. கோல் விழுந்தால் முதலில் எழுந்து குரைப்பது அவைதான். நான் பஸ்ஸில், கண்மாய்க்குப் பாதை பிரியும் விலக்கு வரும்போது “ஸ்டேடியம்லாம் எறங்கு” என்று கத்த ஆரம்பித்தேன். முதலில் சிரித்தவர்கள் பிறகு “ஸ்டேடியம் ஒன்னு” என்று டிக்கெட் கேட்டார்கள்.

இதையெல்லாம் மதிக்காத ஒருவர் ஊரில் இருந்தார். கேப்டனின் அப்பா. மடைக்குக் கீழே அவருக்கு வயல். மடை ஷட்டரைத் திருகும் இரும்புச் சாவியும் அவரிடம்தான். தண்ணீரே வராத வருஷங்களிலும் அதற்கு எண்ணெய் போட்டு வைப்பார். சாயங்காலம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பார்க்கப் போகிறேன் என்று மைதானத்தின் குறுக்கே நடப்பார். ஆட்டம் நடக்கும்போதும் நடப்பார். நான் விசில் அடிப்பேன். இருபத்திரண்டு பேரும் நிற்பார்கள், அவர் நிற்க மாட்டார். நிதானமாக நடுக்கோட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, பஸ்ஸில் ஊதுவது போதாதா மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டுப் போவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறவன். மஞ்சள் அட்டை காட்டவா முடியும்?

அப்படியிருக்க, சுற்றுவட்டார அணிகள் சேர்ந்து நடத்திய போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எங்களுக்கே அது ஆச்சரியம். வெளியூர்க்காரர்கள் எங்கள் வெடிப்புகளில் விழுந்து விழுந்து தோற்றார்கள் என்பதுதான் உண்மை. இறுதி ஆட்டம் பந்தல்குடிப் பக்கத்து அணியோடு, எங்கள் ஸ்டேடியத்தில், ஞாயிற்றுக்கிழமை. பாய் மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டார். கேப்டன் புதிதாகச் சாம்பல் கோடு போட்டான்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. ஐப்பசியில் மழை பெய்வது இயற்கைதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த இயற்கை நடந்து ரொம்ப நாளாகியிருந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டி, வெள்ளிக்கிழமை காலையில் வரத்துக்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். நடுவட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் கொக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

கேப்டன் ஸ்டேடியம் ஸ்டாப்பில் என் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். படியில் தொற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“மாப்ள, மடையத் தொறந்துவிட்டா ஞாயித்துக்கெழமைக்குள்ள வடிஞ்சிரும். சாவி அப்பாட்ட இருக்கு. நான் கேட்டா குடுக்க மாட்டாக. நீயும் பாயும் போயி கேளுங்க.”

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது நியாயமான யோசனையாகத்தான் பட்டது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பாயை அழைத்துக்கொண்டு போனேன். கேப்டன் எங்களுக்குப் பின்னால் நின்றான். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து, பரணிலிருந்து இறக்கிய ஏர்க்கலப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பேச்சு பாதி போய்விட்டது. இருந்தாலும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆட்டம் எவ்வளவு நேரம் நடக்கும் என்று மட்டும் கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன், நடுவில் சின்ன இடைவேளை உண்டு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“ஒன்னர மணி நேரத்துக்கு ஒரு வருசத்துத் தண்ணியக் கேக்குறீக” என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். தலைவர் என்கிற முறையில் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணே சொல்றதுதான் சரி. தண்ணி நிக்கட்டும்” என்றார். அந்த மழையைப் பார்த்ததும் மம்பட்டிக்கும் கடப்பாரைக்கும் அன்று காலையிலேயே அவர் தன் கடைக்கு ஆர்டர் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கேப்டன் திரும்பிப் போய்விட்டான்.

சனிக்கிழமையும் மழை. கோல் கம்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இன்னும் ஏறினால் குழாய் மூழ்கிவிடும், மீன்வலையைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். கேப்டன் ஸ்பேனரோடு வந்தான். கழற்றிவிடலாம் என்றான், அவ்வளவுதான். நாங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

தண்ணீர் பார்க்க ஊரே கரையில் கூடியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கேலரி அப்படி நிறைந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு டிராக்டரில் வந்திருந்தார்கள். பாய் கரையில் குடை பிடித்து நின்று, எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் போல்ட் கழன்றதும் கரையில் கைதட்டல். கேப்டன் வழுக்கித் தண்ணீருக்குள் போய் எழுந்தபோது அதைவிடப் பெரிய கைதட்டல். ஒருத்தி ஆஃப்சைடு என்று கத்தினாள். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் யாரும் சொன்னதில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

தூரத்துக் கோலுக்குப் போவதுதான் சிக்கலாக இருந்தது. அதை ஒட்டி, கோட்டுக்கு வெளியே, மண் எடுத்த பள்ளங்கள் உண்டு. தண்ணீருக்கடியில் எங்கே என்று தெரியவில்லை. நாங்கள் தயங்கி நிற்கும்போது பின்னால் சளக் சளக் என்று சத்தம். கேப்டனின் அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். “என் பின்னாலயே வாங்கலே” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அத்தனை வருஷம் குறுக்கே நடந்த அதே தடத்தில்தான் நடந்தார் என்று நினைக்கிறேன், ஒருவர்கூடப் பள்ளத்தில் விழவில்லை. கழற்றிய மேல் குழாயின் ஒரு முனையை அவர் தோளில் வைத்துக்கொண்டார். மறுமுனை கேப்டனின் தோளில். இருவரும் அடிக்கு அடி ஒன்றாக வைத்துக் கரைவரைக்கும் வந்தார்கள். கரையேறும்போது அவர் குழாயைத் தட்டிப் பார்த்து, நல்ல கனமான குழாய் என்றார். பாய்க்கு அதில் ரொம்பப் பெருமை.

இறுதி ஆட்டம் பிறகொரு நாள் எதிரணியின் மைதானத்தில் நடந்தது. நாங்கள் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அங்கே தரை சமமாக இருந்தது. இல்லாத வெடிப்புகளை எல்லாம் தாண்டிக் குதித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஓடியதைப் பார்த்து அந்த ஊர்ச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அன்று விசில் வேலை இல்லாததால் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கண்மாய்த் தண்ணீர் மாசி வரை நின்றது. மடைக்குக் கீழே நெல் விளைந்தது. கேப்டன் அறுப்பு முடிந்து மூட்டைகளைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் போனான். ஆனால் புது அரிசிச் சோற்றை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான் என்று அவன் அம்மா சொன்னார்கள்.

தண்ணீர் வற்றியதும் போய்ப் பார்த்தால், ஸ்டேடியம் முழுக்கப் பச்சைப்பசேலென்று புல். இருப்பதிலேயே பெரிய அதிர்ச்சி அதுதான். பாய் ஓடிவந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். அங்கே அந்த ஸ்டேடியத்தில் இப்படித்தான் இருந்தது, ஆனால் கால் வைக்க விடவில்லை என்றார். புல்லில் ஆட எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. பந்து உருளாமல் அங்கங்கே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் கிடை போடுகிறவர்களைக் கெஞ்சி ஆடுகளை இறக்கினோம். இரண்டு வாரத்தில் புல் போய்விட்டது. புழுக்கை போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

கோலைத் திரும்ப நடும்போதுதான் சண்டை. வண்டல் படிந்து பழைய குழிகள் மூடிவிட்டன. எது எங்கே இருந்தது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். கேப்டன் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். நான் சொன்ன இடத்தை யாரும் காதில் வாங்கவில்லை. கேப்டனின் அப்பா வந்து, தண்ணீர் ஓடும் தடத்தில் குழி தோண்டக் கூடாது என்று ஒரு கோலைத் தள்ளி நடச் சொன்னார். இந்தத் தடவை கேப்டன் மறுபேச்சுப் பேசவில்லை. நட்டு முடித்து நடுவில் நின்று பார்த்தால், ஒரு கோல் நேராக மற்றொரு கோலைப் பார்க்கவில்லை. அது கொஞ்சம் திரும்பி மடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் மறுபடி கழற்ற வேண்டாம், போல்ட் தேய்ந்துவிடும் என்றார்.

அப்படியேதான் இன்னும் இருக்கிறது. வருகிற அணிகள் எல்லாம் முதல் வேலையாக என்னிடம் வந்து கோல் கோணலாக இருக்கிறது என்று புகார் சொல்கின்றன. பார்த்தேன், உண்மைதான், ஆட்டம் ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது பழகிவிட்டது. நேராக அடித்தால் போகாது, கொஞ்சம் மடைப் பக்கம் ஒடித்து அடிக்க வேண்டும். வருகிறவர்களுக்குத்தான் அது புரிவதற்குள் முதல் பாதி முடிந்துவிடுகிறது.